யாரோ உடுத்திய கோட்டை வாங்கலாமா?

கேள்வி: மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்துள்ள எனக்குக் குளிர்காலக் கோட்டு தேவை. புதிது வாங்க வசதியில்லை. சாரிட்டி ஷாப்பில் யாரோ உடுத்தியதை வாங்கவும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?
– வாசகி, லெஸ்டர்

பதில்: தயங்காமல் வாங்குங்கள், மகளே. ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் ஆக்ஸ்பாம் அமைப்பு 1947-இல் கடை வைத்த நாளுக்குப் பிறகு, நன்கொடையாக வந்த துணிகளை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டுவது அந்நாட்டில் வேரூன்றிய வழக்கமாகிவிட்டது. வசதியுள்ளவர்களும் அங்கே வாங்குகிறார்கள்.

விலையைப் பார்க்குமுன் உள்ளே தைத்துள்ள துணிவகைச் சீட்டைப் படியுங்கள். கம்பளி மிகுந்த கோட்டு பழையதானாலும் நன்றாகக் குளிர் தாங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்துப்பூச்சி அரித்த பொடித் துளைகள் தெரிந்துவிடும். அக்குள் தையலையும், பைகளின் உள்துணியையும், கழுத்துப்பட்டி மடிப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், ஏனெனில் தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பொத்தானை நீங்களே தைத்துக்கொள்ளலாம். ஜிப்பை மாற்றும் கூலியோ கோட்டின் விலையையே எட்டிவிடக்கூடும். அளவு எண்ணை நம்பாமல், தடித்த ஸ்வெட்டரின் மேல் அணிந்து பார்த்தே வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற துணிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். வெந்நீரில் துவைத்தால் கம்பளி சுருங்கிவிடும் என்பதால், முதலில் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். பூச்சியின் முட்டைகள் இருந்தாலும் அதில் அழிந்துவிடும்.