டிராஃப்டில் பெயர் வராத மகனும் பயிற்சியாளர் வேலையும்

கேள்வி: நாங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒஹாயோவில் வசிக்கிறோம். எங்கள் மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சிறு வயது முதல் பேஸ்பால்தான் அவனுக்கு எல்லாம். கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவனாக, ஆடினான். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் அவன் பெயர் வரவில்லை. பொருளாதாரத்தில் பட்டம் இருப்பதால் இனி வேலை தேடுவான் என்று நினைத்தோம். அவனோ ஒரு சிறிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேரப் போவதாகச் சொல்கிறான். சம்பளம் மிகக் குறைவு. “ஆட்டத்திலேயே மேலே போக முடியாதவன் அடுத்தவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பான்?” என்கிறார் என் கணவர். அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இது ஒரு தொழிலா? இதில் மரியாதையும் வாழ்க்கையும் உண்டா?
— ஒரு வாசகி, ஒஹாயோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்ட விதம் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கிற எந்தத் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் வரலாறு அதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. அங்கே பெரும்பெயர் பெற்ற பயிற்சியாளர்களில் பலர், ஆட்டக்காரர்கள் என்ற அளவில் வெகு சீக்கிரம் நின்றுபோனவர்கள்.

டிராஃப்டில் பெயர் வராததை வைத்து உங்கள் மகனை எடைபோடுவதும் சரியாகாது. 2019 வரை அந்தத் தேர்வு 40 சுற்றுகளாக நடந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது. 2021 முதல் அது 20 சுற்றுகளாகக் குறைந்து, எண்ணிக்கையும் அறுநூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அதே ஆண்டில், தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக் அமைப்போடு இணைந்து அதற்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் அணிகளும் 160-லிருந்து 120 ஆயின. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆடியிருந்தால் முப்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் சிற்றூர் அணிகளில் ஆடிவிட்டு வந்திருக்கக்கூடியவர்களுக்கு இன்று அந்த வாசலே இல்லை.

இனி உங்கள் கணவருக்காக ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மைக் மார்ட்டின் 1944-இல் பிறந்தவர். விங்கேட் என்ற ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டு, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, களத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டராக விளையாடினார். பிறகு மெட்ஸ், டைகர்ஸ் ஆகிய மேஜர் லீக் அணிகளின் கீழிருந்த மைனர் லீக் அணிகளில் சில பருவங்கள் ஆடினார். மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. டலஹாசி நகரத்துச் சமுதாயக் கல்லூரியில் அவர் கொஞ்ச காலம் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார் என்பதைக் கேட்டால் இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். கிடைத்த பயிற்சி வேலையைச் செய்து சோறு தின்றார் என்பதுதான் அதன் பொருள். 1975-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே பேஸ்பால் உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹவ்சர் நியூயார்க் யாங்கீஸ் அணியை நடத்தப் போய்விட்டதால், 1980 பருவத்தில் அந்தப் பொறுப்பு மார்ட்டினிடம் வந்தது.

அதன்பின் 40 ஆண்டுகள் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. 2019-இல் ஓய்வுபெற்றபோது அவருடைய வெற்றிகள் 2,029. கல்லூரி பேஸ்பாலில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. 40 பருவங்களிலும், ஓர் ஆண்டுகூடத் தவறாமல், அவருடைய அணி தேசியப் போட்டிக்குத் தகுதிபெற்றது. அந்தப் போட்டியின் இறுதிக் கட்டத்தில் எஞ்சும் எட்டு அணிகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் கூடுவது 1950 முதல் வழக்கம். அங்கே அவர் தம் அணியை 17 முறை அழைத்துச் சென்றார். ஒரு முறைகூடக் கோப்பையோடு திரும்பவில்லை. 1986-இல் இறுதியாட்டத்தில் அரிசோனாவிடமும், 1999-இல் மயாமியிடமும் தோற்றார். கடைசிப் பருவத்திலும் ஒமாஹா வரை வந்து, அங்கிருந்துதான் விடைபெற்றார்.

அந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிப்ரவரி நடுவில் தொடங்கும் பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடி, அதற்குப் பிறகு வரும் தேசியச் சுற்றுகளில், ஒரு நாள் பந்தெறியும் பிட்சர் ஒருவரின் தோள் சோர்ந்தால்கூட எல்லாம் கைவிட்டுப் போகிற ஆட்டம் இது. 1973-இல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணி ஒமாஹாவில் மினசோட்டாவுக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் அடிக்கப் போகும்போது 0-7 என்று பின்தங்கியிருந்தது. எதிரணிக்காகப் பந்தெறிந்தவர் பின்னாளில் புகழ்பெற்ற டேவ் வின்ஃபீல்ட். அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன்களை எடுத்து 8-7 என வென்ற அந்த அணி, அந்த ஆண்டுக் கோப்பையையும் கொண்டுபோனது. அந்த அரைமணி நேரம் வேறு விதமாகப் போயிருந்தால் அதன் பயிற்சியாளர் ராட் டெடோவின் கணக்கில் ஒரு கோப்பை குறைந்திருக்கும். அவருடைய திறமையில் எது குறைந்திருக்கும்?

அந்த டெடோவும் உங்கள் கணவருக்குச் சொல்லவேண்டியவர்தான். 1935-இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். முதுகில் பட்ட காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் குறுக்கிவிட்டது. 1942-இல் தாம் படித்த கல்லூரியின் அணியைக் கையிலெடுத்து 1986 வரை நடத்திய அவருடைய காலத்தில் 11 தேசியப் பட்டங்கள் வந்தன. பின்னாளில் மேஜர் லீகில் புகழ்பெற்ற டாம் சீவர், ராண்டி ஜான்சன், மார்க் மக்வயர் எல்லாரும் அவரிடம் ஆடியவர்கள். ஆனால் சம்பளப் பேச்சில் மட்டும் அவரை உதாரணம் காட்டாதீர்கள். சொந்தமாக லாரிப் போக்குவரத்து நிறுவனம் நடத்திப் பெரும் செல்வம் சேர்த்திருந்ததால் அவர் கல்லூரியிடம் ஆண்டுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்.

மார்ட்டினிடம் திரும்ப வருகிறேன். ‘அடுத்தவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பான்’ என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து அவருடைய அணிக்கு பஸ்டர் போசி என்ற இளைஞர் ஷார்ட்ஸ்டாப்பாக வந்தார். உங்கள் மகன் ஆடிய அதே இடம். இரண்டாம் ஆண்டில் பயிற்சிக் குழு அவரைக் கேட்சராக மாற்றியது. பந்தடிப்பவருக்குப் பின்னால் ஆட்டம் முழுவதும் குந்தியிருந்து, பிட்சருக்கு அடுத்த பந்து எது என்று சைகை காட்டி, முழு ஆட்டத்தையும் கண்ணுக்குள் வைத்திருக்க வேண்டிய இடம் அது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற ஒரு பையனை, அவன் பழகிய இடத்திலிருந்து எடுத்து, முழங்காலும் விரல்களும் நோகிற இடத்தில் உட்காரவைப்பதற்குப் பயிற்சியாளரிடம் துணிவும், பையனிடம் அவர்மேல் நம்பிக்கையும் வேண்டும். 2008-இல் நாட்டின் ஐந்தாவது ஆளாக போசியை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டது. 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த அணி மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றபோது கேட்சராக இருந்தவர் அவரே. ஒருவனுக்குள் இருக்கிற வேறொரு ஆட்டக்காரனைக் கண்டுபிடிப்பதற்கும் தான் எவ்வளவு தூரம் ஆடினோம் என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. பார்க்கத் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், சொல்வதை அவன் கேட்கிற மாதிரி சொல்லத் தெரிய வேண்டும்.

உங்கள் மகனைப் போல் தொழில்முறை ஆட்டமே ஆடாதவருக்கும் இதில் இடம் உண்டா என்று கேட்டால், அதற்கு டோனி விட்டெல்லோ இருக்கிறார். மிசௌரிப் பல்கலைக்கழகத்தில், களத்தின் உட்பகுதியில் நிற்கும் இன்ஃபீல்டராக ஆடி 2002-இல் முடித்தவர். அடுத்த பருவமே அங்கேயே பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். தாம் பிட்சராக இல்லாதபோதும் பிட்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்படி அவர் கையில் வளர்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் மேஜர் லீகில் புகழ்பெற்ற பிட்சர் மேக்ஸ் ஷெர்சர். மிசௌரி, டெக்சாஸ் கிறிஸ்துவப் பல்கலைக்கழகம், ஆர்கன்சா என்று மூன்று இடங்களில் உதவிப் பயிற்சியாளராகவே ஏறத்தாழ 15 பருவங்களைக் கழித்த பிறகுதான், 2017-இல் டென்னசி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. 2024-இல் டென்னசிக்கு முதல் தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரைத் தன் மேனேஜராக்கியது. தொழில்முறை பேஸ்பாலில் ஆடியதோ பயிற்சி கொடுத்ததோ இல்லாத ஒருவர், கல்லூரியிலிருந்து நேராக மேஜர் லீக் அணி ஒன்றின் தலைமைக்குப் போனது அதுவே முதல் தடவை. அந்த முடிவை எடுத்தவர், ஜயன்ட்ஸ் அணியின் நிர்வாகத் தலைவராக இருக்கும் பஸ்டர் போசி. நல்ல கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவரிடம் ஆடி வளர்ந்தவருக்குத்தான் அந்தத் தொழிலின் மதிப்பு தெரிந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

இவ்வளவும் உயரத்தில் நிற்பவர்களின் கதை. உங்கள் மகன் போகப்போவது அந்த உயரத்துக்கு அல்ல. நாட்டில் பேஸ்பால் ஆடும் கல்லூரிகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 300 மட்டுமே டிவிஷன் 1 என்ற மேல்தட்டில் உள்ளவை. பத்து லட்சம் டாலரைத் தாண்டும் சம்பளங்கள் எல்லாம் அந்த 300-இலும் சிலவற்றில்தான். சிறிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக இருப்பவர் காலையில் ஆடுகளத்து மண்ணைச் சமன்செய்வார், மாலையில் நூற்றுக்கணக்கான பந்துகளை எறிந்து பையன்களை அடிக்கவைப்பார், வெளியூர் ஆட்டம் என்றால் பேருந்தையும் சாப்பாட்டையும் ஏற்பாடு செய்வார், கோடை முழுவதும் பள்ளி மாணவர்கள் ஆடும் போட்டிகளுக்குக் காரோட்டிப் போய், கல்லூரிக்கு ஏற்ற பையன்களைத் தேடுவார். மேல்தட்டிலும் நிலைமை நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது: டிவிஷன் 1 அணிகளில் ஓர் உதவிப் பயிற்சியாளர் சம்பளமே இல்லாமல் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் முழுநேரமும் உழைக்கும் ஏற்பாட்டை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2023 ஜூலையில்தான் கைவிட்டது. அதை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டிருந்தது என்பதைச் சொன்னால் எவ்வளவு பேர் எத்தனை ஆண்டுகள் அப்படி உழைத்தார்கள் என்பது உங்களுக்குப் புரியும்.

வேலை நிலையானதும் அல்ல. மைக் மார்ட்டினின் மகன் தந்தையிடமே பல ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, அவருக்குப் பின் அதே பொறுப்புக்கு வந்தார்; மூன்றே பருவங்களில், 2022-இல் விலக்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளர் மாறும்போது உதவியாளர்களும் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். ஆட்டக்காரர்கள் எளிதாகக் கல்லூரி மாறிக்கொள்ளும் இக்காலத்தில், ஒவ்வொரு கோடையிலும் அணியைப் பாதியாவது புதிதாகக் கட்டவேண்டிய நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தபின், மகனைப் போகவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் ‘உன் இஷ்டம்’ என்று கைகழுவி விடாதீர்கள். சில செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரியில் பயிற்சிப் பணியோடு முதுகலைப் பட்டத்தையும் கட்டணமின்றிப் படிக்க வழி உண்டா? சிறிய கல்லூரிகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. பொருளாதாரம் படித்தவன் இரண்டாண்டில் மேற்பட்டமும் வாங்கிவிட்டால், நாளை இந்தத் தொழில் கைகொடுக்காவிட்டாலும் அவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். தலைமைப் பயிற்சியாளரிடம் இதற்குமுன் இருந்த உதவியாளர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நான் இருப்பதிலேயே முக்கியமாகக் கருதுவது இதைத்தான். அவர்களில் இரண்டு மூன்று பேராவது பெரிய கல்லூரிகளுக்குப் போயிருந்தால், அந்த மனிதர் தம்மிடம் இருப்பவர்களை வளர்த்துவிடுகிறவர் என்று பொருள். ஒருவரும் போகவில்லை, எல்லாரும் தொழிலையே விட்டுவிட்டார்கள் என்றால், வேறு கல்லூரி பார்ப்பது நல்லது. மகனிடம் ஒப்படைக்கப்படுகிற வேலை என்ன, ஆள்தேடும் பணியில் அவனுக்குப் பங்கு உண்டா என்பதையும் கேட்கட்டும். விட்டெல்லோ போன்றவர்கள் மேலே வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

கால அளவு ஒன்றையும் அவனே குறித்துக்கொள்ளட்டும். அதை நீங்களோ உங்கள் கணவரோ குறிக்கவேண்டாம். விட்டெல்லோவுக்கு 15 பருவங்கள் ஆயின என்பதால் எல்லாரும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு படியாவது ஏறியிருக்கிறானா என்று பார்ப்பது நியாயமான அளவு.

உங்கள் கணவர் வாயால் சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் வீட்டு ஆண்கள் பலருக்கு அது வராது. பிப்ரவரியில் பருவம் தொடங்கியதும் அந்தக் கல்லூரியின் ஆட்டம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பயிற்சியாளர்கள் வேலை செய்வது அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். செலவைப் பற்றி ஒரு விஷயம்: உங்கள் குடும்பத்து மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், 26 வயது ஆகும் வரை மகன் அதிலேயே தொடர அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கல்லூரி தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அதில் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, எந்த மாதத்திலிருந்து என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.