அல்மாட்டிக்கு வர்ற தம்பிக்கு

தம்பி, அடுத்த மாசம் வேலைக்கு கசகஸ்தான்ல அல்மாட்டி வர்றேன், ஆளுங்க மூஞ்சி மங்கோலியர் மாதிரி இருக்கு, பேரு முஸ்லிம் பேரு, பேசறது ரஷ்யன், இவங்க உண்மையில யாரு, வீட்டுக்குக் கூப்பிட்டா எப்படி நடந்துக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. நான் கல்யாணமாகி இங்க வந்து பதிமூணு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, இவங்க கசாக் மக்கள், இவங்க கசாக் மொழி துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ரஷ்யனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வீடுன்னா உய், வீடுகள்னா உய்லெர், வீடுகள்லன்னா உய்லெர்தெ. நம்மள மாதிரியே ஒட்டு மேல ஒட்டு போட்டுக்கிட்டே போவாங்க, வினை கடைசியில வரும், அதனால ரஷ்யனை விட இது நமக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனா ஒரு வம்பு இருக்கு, இங்க அப்பான்னா பாட்டி, அத்தான்னா தாத்தா. நம்ம ராவுத்தர் வீடுகள்ல அப்பாவைக் கூப்பிடற அதே அத்தா! எங்க வீட்டு ஓனரம்மாவை நான் "அப்பா"ன்னு கூப்பிடறதை வீடியோ கால்ல கேட்டுட்டு எங்கம்மா ஒரு நிமிஷம் பேச்சே இல்லாம உக்காந்துட்டாங்க.

மங்கோலியரா துருக்கியரான்னு கேட்டா ரெண்டும் கலந்ததுதான். 13ஆம் நூற்றாண்டுல செங்கிஸ்கான் படை இந்தப் புல்வெளி முழுக்கப் பிடிச்சுது, அவரோட மூத்த பையன் ஜோச்சி பங்குக்கு இதுல பெரும்பகுதி வந்துச்சு. ஆனா வந்த மங்கோலியர் கொஞ்சம் பேரு, ஏற்கனவே இருந்த துருக்கிய மொழிக்காரங்க நிறைய, அதனால ரெண்டு மூணு தலைமுறையில வந்தவங்களே துருக்கிய மொழி பேச ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் 1465 வாக்குல கெரேய், ஜானிபெக்னு ரெண்டு பேரு தனியாப் பிரிஞ்சு வந்து கசாக் கான் அரசை ஆரம்பிச்சாங்க, அவங்களும் ஜோச்சி வம்சம்தான். நைமான், கெரெய், ஜலாயிர்னு செங்கிஸ்கான் காலத்துக் கூட்டப் பேரெல்லாம் இன்னைக்கும் இங்க உயிரோட இருக்கு, உங்க ஆபீஸ்லயே ஒரு நைமான் இருப்பாரு பாருங்க.

அந்தக் கூட்டத்துக்குத்தான் ரு-ன்னு பேரு, அதுக்கு மேல பெருசா மூணு ஜுஸ் (குடிக்கற ஜூஸ் இல்லப்பா). ரெண்டு கசாக் சந்திச்சா அஞ்சாவது நிமிஷம் நீ என்ன ருன்னு கேட்டுக்குவாங்க. எனக்கு முதல்ல நம்மூர்ல "நீங்க என்ன ஆளுங்க"ன்னு சுத்தி வளைச்சுக் கேப்பாங்களே, அதுதான்னு தோணி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது இல்ல. கொங்குப் பக்கம் கூட்டம், செட்டிநாட்டுல கோயில்னு சொல்லுவாங்க இல்ல, அதுக்குள்ள கட்டிக்க மாட்டாங்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. அப்பா வழியில ஏழு தலைமுறைக்குள்ள கல்யாணம் கிடையாது, அதுக்காக ஏழு தாத்தா பேரும் பிள்ளைங்களுக்கு மனப்பாடமா தெரியணும், ஜெத்தி அத்தான்னு சொல்லுவாங்க. அதுக்காக ரு பார்த்து வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு புலம்பல் இல்லாமலும் இல்ல.

நம்ம ஓனரம்மா ஒருநாள் விரலை ஒவ்வொண்ணா மடக்கி ஏழு பேரும் சொன்னாங்க. ரெண்டாவது பேர் வந்ததும் கொஞ்சம் நிறுத்திட்டு, அவர் பட்டினியில போனவருன்னாங்க. 1930லேருந்து 33 வரைக்கும் இங்க கொடும் பஞ்சம், ஸ்டாலின் அரசு ஆட்டையும் மாட்டையும் பிடுங்கிக்கிட்டு, மேய்ச்சலுக்கு அலைஞ்ச சனத்தை ஒரே இடத்துல உக்கார வெச்சுது, கிட்டத்தட்ட 15 லட்சம் பேர் செத்தாங்க, கசாக் மக்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல. அப்புறம் 1937ல கொரியர், 1941ல ஜெர்மானியர், 1944ல செச்சனியர்னு ரயில்ல ஏத்திக் கொண்டுவந்து இங்க இறக்கினாங்க. சொந்த நாட்டுலயே கசாக் சிறுபான்மை ஆனாங்க, ரஷ்யன் ஏன் இவ்வளவு ஓடுதுன்னு இப்பப் புரியும். பச்சை பஜார் போனீங்கன்னா குதிரைக்கறி விக்கற வரிசையும் கொரியப் பாட்டிங்க காரக் கேரட் விக்கற வரிசையும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும்.

வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, கண்டிப்பா போங்க. டீ கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துல பால் விட்டு, பாதிக்கும் கம்மியா ஊத்தித் தருவாங்க. கஞ்சத்தனம்னு நெனச்சு, நான் சிரிச்சுக்கிட்டே நிறைய ஊத்துங்கன்னு கிண்ணத்தை நீட்டிட்டேன், ஓனரம்மா மருமக பதறிப் போயி கையைப் பிடிச்சுட்டா. கொஞ்சமா ஊத்தினா திரும்பத் திரும்பக் கேளு, உக்காருன்னு அர்த்தமாம், தளும்ப ஊத்தினா கெளம்புன்னு அர்த்தமாம்!

பெரிய விருந்துல ஆட்டுத்தலையை அவிச்சு முக்கியமான விருந்தாளி முன்னாடி வெப்பாங்க, மரியாதை அது. உங்களுக்கு முடியலைன்னா மூஞ்சியைச் சுளிக்காதீங்க, எங்கப்பா உயிரோட இருக்காருன்னு சொல்லுங்க, அப்பா இருக்கறவன் தலையை வாங்கக்கூடாதுங்கறது அவங்க முறையே, பக்கத்துல இருக்கற பெரியவருக்கு நகர்த்திடுவாங்க. என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் இதை வெச்சே ஓட்டினார்.

அக்கா மகளைக் கட்டற வழக்கம் உண்டுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. எங்கம்மா எங்கப்பாவோட சொந்த அக்கா பொண்ணுன்னு நான் சொன்னப்ப ஓனரம்மா "ஒய்பய்"னு கன்னத்தைக் கிள்ளிக்கிட்டு ரெண்டு நாள் என்னைப் பாவமா பார்த்தாங்க. அப்புறம் சரி உன் ஏழு தாத்தாவைச் சொல்லுன்னாங்க, எனக்கு மூணுக்கு மேல வரல, ஊருக்கு போன் போட்டு பெரியப்பாகிட்ட கேட்டு அஞ்சாக்கினேன். கெளம்பறதுக்கு முன்னாடி நீங்களும் வீட்ல கேட்டு எழுதிட்டு வந்துடுங்க. ஜாக்கெட்டு பூட்ஸ் எல்லாம் அங்க வாங்காதீங்க, இங்க வந்து வாங்கிக்கலாம், புளி மட்டும் ரெண்டு கிலோ.