டெண்டர் நிராகரிப்பு: மேல்முறையீட்டுக்குப் பத்தே நாள்

கேள்வி: நான் தமிழ்நாட்டில் அரசுக் கட்டடப் பணிகளை எடுத்துச் செய்யும் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர். பள்ளி வகுப்பறைக் கட்டடம் ஒன்றுக்கு இரண்டு உறை முறையில் (தகுதி ஆவணங்கள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும்) கோரப்பட்ட டெண்டரில் கலந்துகொண்டேன். ஆறு நாள்களுக்கு முன்பு என் தொழில்நுட்ப உறை நிராகரிக்கப்பட்டதாக இணையதளத்தில் வந்தது. ஆடிட்டர் அளித்த ஆண்டு வரவு-செலவுச் சான்றிதழில் யூ.டி.ஐ.என். எண் (சான்றிதழுக்கென உருவாக்கப்படும் தனி அடையாள எண்) இல்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். ஆனால் தகுதி பெற்ற இருவரில் ஒருவர், நோட்டரி கையொப்பம் இல்லாத உறுதிமொழிப் பத்திரத்தையே இணைத்திருந்ததாகத் தெரிகிறது. விலை உறை நேற்று திறக்கப்பட்டுவிட்டது. பணி ஆணை இன்னும் தரப்படவில்லை. நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? லஞ்ச ஒழிப்புத் துறையிலும் புகார் கொடுக்க விரும்புகிறேன்.

பதில்: உங்களுக்கு இப்போது மிச்சமிருப்பது நான்கு நாள்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 11-ஆவது பிரிவின்படி, டெண்டர் ஏற்பு அலுவலரின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் அந்த உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு அதை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தொழில்நுட்ப உறையை நிராகரித்தது இறுதி உத்தரவு ஆகாது, டெண்டர் யாருக்கு என்று முடிவான பிறகுதான் மேல்முறையீட்டு உரிமை பிறக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். இணையதளத்தில் பார்த்த நாளையே முதல் நாளாக எண்ணி, இப்போதே மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, ஏற்பு உத்தரவு வெளியானால் அதையும் எதிர்த்து ஒரு கூடுதல் மனு போட்டுவிடுவதே பாதுகாப்பான வழி. மனு சம்பந்தப்பட்ட துறையின் செயலாளருக்குச் செல்ல வேண்டும். உங்களை நிராகரித்த செயற்பொறியாளருக்கோ கண்காணிப்புப் பொறியாளருக்கோ எழுதும் முறையீட்டுக் கடிதம் மேல்முறையீடு ஆகாது. அப்படிக் கடிதம் எழுதி, பதில் வரும் என்று காத்திருந்து பத்து நாளைக் கோட்டை விட்டவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உங்கள் குறைபாட்டின் தன்மை. டெண்டர் ஆவணத்தை மறுபடியும் எடுத்து, யூ.டி.ஐ.என். பற்றிய வரியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். "எண் இல்லாத சான்றிதழ் நிராகரிக்கப்படும்" என்று அதன் விளைவையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் நிலை பலவீனமானது. "சான்றிதழ் எண்ணுடன் இருக்க வேண்டும்" என்பதோடு நின்றிருந்தால் வாதிட இடம் இருக்கிறது. அத்தியாவசிய நிபந்தனை வேறு, துணை நிபந்தனை வேறு என்ற பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே போதார் ஸ்டீல் வழக்கில் எடுத்துக்காட்டியது. அதில் முன்வைப்புத் தொகையை (டெண்டருடன் பிணையாகக் கட்டும் பணத்தை) ரொக்கமாகவோ பாரத ஸ்டேட் வங்கியின் வரைவோலையாகவோ செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் யூனியன் வங்கியின் காசோலையைக் கொடுத்தார். பணம் வரும் என்று வங்கியே சான்றளித்திருந்த நிலையில், அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் விட்டது தவறில்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். துணை நிபந்தனையை அதிகாரி தளர்த்தலாம் என்றுதான் அது சொல்கிறதே தவிர, தளர்த்தியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமையை நிராகரிக்கப்பட்டவருக்கு அது தரவில்லை. ஆகவே "என் குறை சிறியது" என்பதை மட்டும் வைத்து நீங்கள் வெல்வது கடினம். போட்டியாளரின் நோட்டரி இல்லாத பத்திரம் உண்மையானால், அங்கேதான் உங்கள் வழக்குக்கு உயிர் வருகிறது. ஒருவரின் குறையைக் கண்டும் காணாமல் விட்டு, அதே தரத்திலான இன்னொருவரின் குறைக்காக அவரை வெளியேற்றுவது சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14-ஆவது உறுப்பை மீறும் பாரபட்சம். 2024-இல் பன்சிதர் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில், ஏறக்குறைய இப்படிப்பட்ட இரட்டை அளவுகோலைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் டெண்டர் முடிவையே ரத்து செய்தது. மனுவின் முதல் பக்கத்திலேயே இந்த வாதம் இருக்க வேண்டும்.

ஆனால் "தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தெரிந்தது? இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி பதிவேற்றப்பட்ட ஆவணமென்றால் அதன் பிரதியை அன்றைய தேதியுடன் எடுத்து வையுங்கள். அலுவலக ஊழியர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய படம் என்றால் அதை மனுவோடு இணைக்காதீர்கள். மதிப்பீட்டு நடவடிக்கை ரகசியமாக வைக்கப்பட வேண்டிய ஒன்று என்பதால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். அதற்குப் பதிலாக, தகுதி பெற்றவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களை வரவழைத்துப் பார்க்குமாறு மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனுவிலேயே கோருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்தான், ஆனால் அதற்குப் பதிலளிக்க அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உங்களிடம் அவ்வளவு நாள் இல்லை.

இன்னொரு சிறிய காரியம் மிகப் பெரிதாக உதவலாம். ஆடிட்டரிடம் இன்றே பேசி, அந்தச் சான்றிதழுக்கு யூ.டி.ஐ.என். உருவாக்கப்பட்டிருந்ததா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 2019 பிப்ரவரி 1 முதல் பட்டயக் கணக்கர்கள் அளிக்கும் எல்லாச் சான்றிதழ்களுக்கும் இந்த 18 இலக்க எண் கட்டாயம். டெண்டரின் கடைசித் தேதிக்கு முன்பே எண் உருவாக்கப்பட்டு, அச்சிட்ட தாளில் மட்டும் விடுபட்டிருந்தால், அது எழுத்துப்பிழை போன்ற குறை. எண்ணும் அது உருவான தேதியும் தெரியும் இணையப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு உருவாக்கியது என்றால் அதைக் காட்டாதீர்கள். அது புதிய ஆவணமாகவே கருதப்படும், சந்தேகத்தையும் வளர்க்கும்.

உயர் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின்கீழ் ரிட் மனு (அரசு நடவடிக்கையை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) தாக்கல் செய்ய உங்களுக்குத் தடையில்லை. ஆனால் சட்டமே மேல்முறையீட்டு வழி காட்டியிருக்கும்போது, முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுவதற்கே வாய்ப்பு அதிகம், அதற்குள் பத்து நாளும் கடந்திருக்கும். மேல்முறையீட்டு மனுவிலேயே பணி ஆணை வழங்குவதை நிறுத்திவைக்கக் கோருங்கள். அது கவனிக்கப்படாமல் பணி ஆணை வழங்கும் ஏற்பாடு நடந்தால் அந்த நிமிடமே ரிட் மனுவுக்குத் தயாராக இருங்கள். அதில் வெற்றி பெற்ற ஒப்பந்ததாரரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன: முடிவு சரியா என்று பார்ப்பது அவற்றின் வேலையல்ல, முடிவெடுத்த முறை சரியா என்பதே கேள்வி. 2007-இன் ஜகதீஷ் மண்டல் வழக்கு, அதோடு பொதுநலன் பாதிக்கப்பட்டதா என்றும் பார்க்கச் சொன்னது. கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய பிறகு போனால் அந்த இரண்டாம் கேள்வி உங்களுக்கு எதிராகவே நிற்கும். 2022-இன் என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பும், பணியை நிறுத்துவதைவிட இழப்பீடு கோர அனுப்புவதே மேல் என்ற போக்கையே வலியுறுத்துகிறது.

உங்களுக்கு வந்த நிராகரிப்பில் காரணம் ஒரே ஒரு வரிதான் என்றால், அது உங்களுக்குச் சாதகம். அதிகாரியின் உத்தரவு அதில் எழுதப்பட்ட காரணத்தைக் கொண்டே நிற்க வேண்டும், பின்னால் பதில் மனுவில் புதிய காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்பது 1978-இன் மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற விதி. எனவே அந்த இணையப் பக்கத்தை இன்றே அச்செடுத்துவிடுங்கள். பின்னர் அதில் வாசகம் மாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

லஞ்ச ஒழிப்புத் துறைப் புகாரை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பணம் கைமாறியதற்கு உங்களிடம் சான்று எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு மேல்முறையீட்டு மனுவுக்குள் வந்துவிட்டால், ஆவணத்தைப் பற்றிய எளிய கேள்வி ஆளைப் பற்றிய சண்டையாக மாறி, விசாரிப்பவரின் கவனம் அங்கேயே போய்விடும். உங்கள் முன்வைப்புத் தொகை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தகுதி பெறாதவருக்கு அது திருப்பித் தரப்பட வேண்டியதே. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அதைப் பெற்றுக்கொள்ள நேர்ந்தால், உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுங்கள்.