மிளகாய்க் கன்றில் ஊசிமுனை அளவில் பூச்சி ஓடுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் வைத்த மிளகாய்க் கன்றுகளில் குருத்து சுருண்டு வருகிறது, இலையைத் திருப்பினால் ஊசிமுனை அளவில் ஏதோ ஓடுகிறது, கடையில் சொன்னதும் ஒரு போத்தலை எடுத்துத் தந்துவிட்டார்கள், அதை அடிக்கலாமா?

நான் நிலாவெளிப் பக்கம் மணல் தரையில் மிளகாயும் கத்தரியும் வைத்து வருகிறவன். தயவுசெய்து அந்தப் போத்தலை இன்னும் திறக்காதீர்கள். ஓடுகிறது எது என்று தெரியாமல் அடிக்கிற மருந்து பல நேரம் வேறு எதையோ கொல்லும். மிளகாய்க் குருத்தைச் சுருட்டுகிறவர்களில் முக்கியமான இரண்டு பேர் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும். முதலாவது பூச்சி, ஆறு கால். இரண்டாவது சிலந்தியின் உறவு, வளர்ந்தபின் எட்டுக் கால். பூச்சிக்கென்று விற்கிற மருந்துகள் பல சிற்றுண்ணியை ஒன்றும் செய்யாது. கடைகளில் அதிகம் கைமாறுகிற இமிடாகுளோபிரிட் அப்படித்தான்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்குக் கண்ணாடி ஒன்று போதும். அதை போன் கமராவின் முன்னால் பிடித்தால் படமும் எடுக்கலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். சுருண்ட குருத்தை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேலே பிடித்து விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். விழுந்தது வைக்கோல் நிறத்தில், ஒடுங்கி நீண்டு, ஒரு மில்லிமீற்றர் அளவில் இருந்து கடதாசியில் விறுவிறுவென்று ஓடினால் அது பனிப்பூச்சி. இந்தியப் புத்தகங்களில் இலைப்பேன் என்று போட்டிருப்பார்கள். வெறும் தூசி மாதிரிக் கிடந்து, கண்ணாடி வைத்து உற்றுப் பார்த்தால் மட்டும் அசைகிற புள்ளிகள் என்றால் சிற்றுண்ணியாக இருக்கலாம். எதுவுமே விழவில்லை என்றாலும் சிற்றுண்ணி இல்லையென்று முடிவு கட்டாதீர்கள். அது குருத்தின் மடிப்புக்குள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் எளிதில் விழாது.

அப்புறம் இலை எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். எனக்குக் கண்ணாடியை விட நம்பிக்கையான அடையாளம் இது. பனிப்பூச்சி சூப்பிய இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணி மாதிரி நிற்கும். அடிப்பக்கத்தில் வெள்ளிப் பூச்சுப் போன்ற கீறல்களும், அங்கங்கே கரும்புள்ளியாக அதன் எச்சமும் இருக்கும். சிற்றுண்ணி பிடித்த இலையோ ஓரம் கீழ்நோக்கி வளைந்து கவிழ்ந்து கிடக்கும். இலைக் காம்பு வழமையை விட நீண்டு, இலை மட்டும் ஒடுங்கி, அடிப்பக்கம் தடித்து வெண்கல நிறமாக மினுங்கும். காயிலும் சொரசொரப்பான தோல் விழும். இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்து இருப்பதும் உண்டு. அப்போது ஒரு கிளையில் மேலே வளைந்த இலையும் இன்னொரு கிளையில் கீழே வளைந்த இலையும் காண்பீர்கள்.

நான் சொல்கிற சிற்றுண்ணி சிவப்பாக வலை பின்னுகிறது அல்ல. இது மஞ்சள் படர்ந்த கண்ணாடி நிறம், பெரியதே கிட்டத்தட்ட 0.2 மில்லிமீற்றர்தான். வெறுங்கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. உங்கள் கண்ணுக்கு அது ஓடுவது தெரிகிறது என்றால், நீங்கள் பார்த்தது வேறு ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடியில் தேட வேண்டியது அதன் முட்டையை. குருத்திலையின் அடியில், நரம்போரமாக, முட்டை வடிவத்தில் ஒளி ஊடுருவுகிற மணிகள் ஒட்டியிருக்கும். அந்த முட்டையின் மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கும். வேறு எந்தப் பூச்சியின் முட்டையும் மிளகாயில் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை. பொறுமையாகப் பார்த்தால் இன்னொன்றும் கிடைக்கும்: சின்ன ஆண் சிற்றுண்ணி, இன்னும் முழுதாக வளராத பெண்ணைத் தன் பின்பக்கத்தில் தூக்கிக்கொண்டு புதுக் குருத்தைத் தேடிப் போகும். வெண் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டும் இது அடுத்த மரத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே வெண் ஈ பறக்கிற தோட்டத்தில் ஒரு கன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம்.

சிவப்புச் சிற்றுண்ணி வேறு சங்கதி. அது முற்றிய இலையில் இருக்கும், இலை முழுக்க ஊசியால் குத்தியது போல் வெளிறிய புள்ளிகள் விழும், அடியில் மெல்லிய நூல் வலை தெரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், மண் சுட்டுக் காற்று வறண்டு கிடக்கும்போது, இதுதான் பெருகும். பனிப்பூச்சிக்கும் அந்த வறட்சி பிடிக்கும். முதலில் சொன்ன கண்ணாடி நிறச் சிற்றுண்ணிக்கு ஈரப்பதமும் மந்தாரமும் வேண்டும், அதனால் மாரி மழை ஓய்ந்து தை, மாசி ஆகிற காலத்தில் கவனமாக இருங்கள். எந்த மாதம் என்பதை வைத்தே பாதி ஊகிக்கலாம்.

மற்றவை சுலபம். இளந்தண்டில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக, பின்பக்கத்தில் இரண்டு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டு, எறும்பு காவலோடு இருந்தால் அழுக்கணவன். தொட்டால் வெள்ளையாகக் கிளம்பிப் பறந்தால் வெண் ஈ. பஞ்சு ஒட்டியது போல் கணுவில் இருந்தால் மாவுப்பூச்சி, முற்றத்துச் செவ்வரத்தையில் இருந்து வந்திருக்கும்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது. நீங்கள் பார்க்கிற ஓடுகிற உயிர்களில் பல உங்கள் பக்கம் நிற்கிற ஆட்கள். சிற்றுண்ணியைத் தின்கிற சிற்றுண்ணி ஒன்று இருக்கிறது. கண்ணீர்த்துளி வடிவம், பளபளப்பு, நீண்ட கால், நரம்போரமாக ஓரிடத்தில் நில்லாமல் ஓடும். பொறிவண்டின் புழு முதலை மாதிரி முரட்டுத் தோலோடு இருப்பதால் ஆட்கள் பயந்து நசுக்கிவிடுகிறார்கள், அது அழுக்கணவனைத் தின்கிற பிள்ளை. இலையில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டை தனியாக நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது, அப்படியே விடுங்கள். அழுக்கணவன் கூட்டத்துக்குள் சிலது மட்டும் ஊதிப் பழுப்பாகி, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்து கிடந்தால், குட்டிக் குளவி ஒன்று அதற்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சு தின்று முடித்து வெளியேறியிருக்கிறது. அந்தக் குளவி இன்னும் தோட்டத்தில்தான் நிற்கும். இந்த மாதிரிக் குளவிகளின் வேலை சின்ன வேலை இல்லை. 2008 இல் இலங்கையில் பப்பாசி மாவுப்பூச்சி பரவியபோது அதை அடக்க 2009 இல் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து விட்டது ஒரு சின்னக் குளவியைத்தான். கண்டதற்கெல்லாம் கடும் மருந்து அடித்தால் முதலில் சாகிறது இவர்கள், பின்னாலே சிற்றுண்ணி தடையில்லாமல் பெருகும். மருந்து அடித்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது என்று ஆட்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டி மண்ணில் தண்ணீர் ஊற்றும்போது துள்ளுகிற வெள்ளைப் பொடிப் பூச்சி உக்கலைத் தின்று வாழ்கிறது. கன்றுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? பனிப்பூச்சி, அழுக்கணவன், சிவப்புச் சிற்றுண்ணி மூன்றுக்கும் முதலில் தண்ணீர். இலையின் அடிப்பக்கம் படும்படி குழாயால் கொஞ்சம் வேகமாக, சில நாட்கள் விடாமல் அடியுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, வெயில் சாய்ந்த பின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள், ஒரு கிளையில் மட்டும் முதலில் அடித்து மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு. கண்ணாடி நிறச் சிற்றுண்ணி என்றால் சுருண்ட குருத்தைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி அகற்றுங்கள், அடுப்பங்கரைக் கழிவோடு மரத்தடியில் கொட்டாதீர்கள். கந்தகத் தூள் இதற்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் நம்மூர் வெயிலில் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு கிழமை கழித்துத்தான் கந்தகத்தைத் தொட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சிற்றுண்ணிக்கென்றே உள்ள மருந்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அடித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்று போத்தலில் இருக்கும். முற்றத்து மிளகாயைக் கறிக்குத் தேவைப்பட்ட நேரம் போய்ப் பறிக்கிறவர்கள் நாம், அந்த நாட்களை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பூச்சியெல்லாம் போன பிறகும் புதுக் குருத்து சின்னதாக, நரம்பு மஞ்சளித்துச் சுருண்டே வந்தால் அது பெரும்பாலும் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்து கிடையாது, கன்றைப் பிடுங்கிவிடுங்கள். புதுத் துளிர் நேராக வந்தால் மரம் தப்பிவிட்டது, பழைய இலை நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால் இங்கே படம் போடுங்கள்: முழுக் கன்று ஒன்று, சுருண்ட குருத்து ஒன்று, கண்ணாடி வைத்து இலையின் அடிப்பக்கம் ஒன்று. கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். படம் தெளிவாக வராவிட்டால் 1920 க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் பேசலாம், இல்லையென்றால் குருத்தை ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெயிலில் வைத்திருந்தால் அவிந்துபோய் எதுவும் தெரியாது.