மலேசியாவின் சைபர்ஜெயாவில் ஐடி சேவை நிறுவன வேலை: நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், வேலை எப்படி இருக்கும்?

டிப்ளோமா முடித்திருக்கிறேன், அடுத்த வாரம் சர்வீஸ் டெஸ்க் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. கணினிக் கோளாறு என்று போன் செய்பவர்களுக்கு உதவும் அதே வேலையில் ஆறு வருடம் இருந்தேன். கடைசி இரண்டு வருடம் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தேன்.

நான் விடாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் வரவில்லை என்று ஒருவர் போன் செய்கிறார். என்ன செய்வீர்கள்?" பாதிப் பேர் உடனே ரீஸ்டார்ட் செய்யச் சொல்வேன் என்பார்கள். நான் எடுத்தவர்கள் திருப்பிக் கேட்டவர்கள்: உங்களுக்கு மட்டுமா, பக்கத்து மேசையிலும் வரவில்லையா? எப்போதிலிருந்து? அப்புறம்தான் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணை, பார்க்கச் சொன்னார்கள். 169.254 என்று தொடங்கினால் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும், நான் குறித்துக்கொள்வேன். இன்சிடென்ட், பிராப்ளம் வித்தியாசமும் கட்டாயம் வரும். நின்றுபோன வேலையை முதலில் ஓடவைப்பது இன்சிடென்ட். அது ஏன் நின்றது என்று வேரைத் தேடுவது பிராப்ளம். மனப்பாடம் வேண்டாம், உங்கள் வீட்டு மோடம் கெட்டுப்போன கதையைச் சொல்லி விளக்குங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் வந்து உட்கார்ந்ததுமே தங்கள் ஆங்கிலத்துக்கு மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு மனம் வலிக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள். கோலசிலாங்கூர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேசினார். ஆனால் கோபமாகக் கத்தும் வாடிக்கையாளராக நான் நடித்தபோது, அவர் குரல் ஏறவே இல்லை. அன்றே எடுத்தோம்.

சரி, வேலை எப்படி? அது கட்டடத்தின் மேல் இருக்கும் பெயரில் இல்லை, நீங்கள் போகும் புராஜெக்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் சிட்னியில் இருந்தால் அவர்கள் நம்மைவிட 2 மணி நேரம் முன்னே, அவர்களின் கோடையில் 3. அந்தக் கோடையில் அங்கே காலை 8 மணிக்கு மேசை திறக்க வேண்டுமானால் இங்கே காலை 5 மணி. அந்த நேரத்துக்கு எம்ஆர்டி ரயில் இல்லை. 2023 மார்ச்சில் சைபர்ஜெயாவுக்கு ரயில் வந்தது பெரிய உதவிதான், ஆனால் பகல் ஷிப்டுக்கு. போக்குவரத்துக்கு அலவன்ஸ் உண்டா, வண்டி அனுப்புவார்களா என்று அங்கேயே கேளுங்கள். கேட்டதற்காக நாங்கள் யாரையும் கழித்ததில்லை.

அடுத்தது, சம்பளம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்பது. என் முதல் வேலையில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னார் அம்மா. ஆஃபர் லெட்டர் ஓர் ஏஜென்சியின் பெயரில் இருந்தது, ஓராண்டு கான்ட்ராக்ட். படித்தேன், புரிந்துகொள்ளவில்லை. டெங்கி வந்து தனியார் மருத்துவமனைக்குப் போனபோதுதான், பக்கத்து மேசைக்காரரிடம் இருக்கும் மருத்துவ அட்டை எனக்குக் கிடையாது என்று தெரிந்தது. பில்லை அப்பா கட்டினார். கான்ட்ராக்ட் வேலையே கூடாது என்று சொல்லவில்லை, அந்த ஓராண்டு அனுபவம்தான் எனக்கு நிரந்தர வேலை வாங்கித் தந்தது. தெரிந்து சேருங்கள் என்கிறேன்.

கான்ட்ராக்ட் ஊழியராக இருந்தாலும் உங்களுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) உண்டு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை என்றால் முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும், உங்களிடம் பிடிப்பது 11. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரு தொகை சொன்னால், முதலாளியின் பங்கும் அதற்குள்ளா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2023 ஜனவரியிலிருந்து வழக்கமான வேலை நேரத்துக்கு வாரம் 45 மணி நேரம்தான் சட்ட வரம்பு. 4,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். தொடக்க நிலை சர்வீஸ் டெஸ்க் வேலைகள் பலவும் இந்த வரம்புக்குள் வரும் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தக்கூடும்.

பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, நோட்டீஸ் எத்தனை மாதம் என்பதையும் பாருங்கள். கடிதம் கைக்கு வந்தால் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு நாள் நேரம் கேளுங்கள், கொடுப்பார்கள்.