‘ஹிக்கா’: அடித்தானா, கொன்றானா?

எபிரெய வேதாகமத்தில் அடிப்பதற்கு மிகுதியாக வரும் வினைச்சொல் ‘ஹிக்கா’. சுமார் 500 இடங்களில் வருகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, யாத்திராகமம் 2:11-இல் எகிப்தியன் ஒரு எபிரெயனை ‘அடிக்கிறான்’. அடுத்த வசனத்தில் மோசே அந்த எகிப்தியனை ‘வெட்டி’ மணலில் புதைக்கிறார். மூலத்தில் இரண்டு சொற்களா?

ஒரே சொல்தான் தம்பி. 11-இல் ‘மக்கே’, அடிக்கிறவன். 12-இல் ‘வய்யக்’, அடித்தான். 13-இல் மறுநாள் சண்டை போடும் எபிரெயனிடம் “உன் தோழனை ஏன் அடிக்கிறாய்” என்று மோசே கேட்கும்போதும் அதே வினை. மூலத்தில் கத்தியோ வாளோ இல்லை. 12-ஆம் வசனத்தில் பிணத்தைப் புதைத்ததால்தான் ஆள் செத்தது தெரிகிறது. எகிப்தியன் செய்ததும், மோசே செய்ததும், மோசே கண்டித்ததும் ஒரே சொல்லில் வருவது அந்தக் கதையின் உயிர். தமிழில் ‘வெட்டி’ என்று வந்ததும் அந்த இழை அறுந்துபோகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆனால் அகராதியில் ‘கொல்’ என்றும் பொருள் இருக்கிறதே?

இருக்கிறது. போர் வரலாறுகளில் முறியடித்தான், வெட்டி வீழ்த்தினான் என்றுதான் எடுக்க வேண்டும். ஆனாலும் சொல் காட்டுவது அடியை. சாவைச் சொல்வது சூழல். யாத்திராகமம் 21:12-ஐப் பாருங்கள்: ‘ஒருவனை அடித்து, அவன் செத்தால்’. சாவுக்குத் தனி வினை தேவைப்படுகிறது. மூன்று வசனம் தள்ளி, தாய் தகப்பனை அடிக்கிறவனைப் பற்றிச் சொல்லும்போது, அடிபட்டவர் செத்ததாக வினை இல்லை. அங்கே அடித்ததே குற்றம். ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பதில் இருப்பதோ ‘ராட்சாக்’ என்ற வேறு சொல்.

வேர் நூன்-காஃப்-ஹே (ந-க-ஹ) என்ற மூன்று எபிரெய எழுத்துகள் என்கிறார்கள். ‘ஹிக்கா’வில் நூன் எங்கே?

மரம் + கிளை = மரக்கிளை. மகரம் போய் ககரம் இரட்டித்ததல்லவா? அதேபோல நூன் மறைந்து காஃப் இரட்டிக்கிறது. ‘வய்யக்’ வடிவத்தில் கடைசி ஹேயும் உதிர்ந்து, வேரில் காஃப் ஒன்றுதான் மிஞ்சும். புதிதாகப் படிப்பவர்கள் அகராதியில் தேடித் திணறுவது இதனால்தான். முன்னொட்டுக்கு அடுத்த எழுத்து இரட்டித்தால், முதலில் நூனைச் சேர்த்துத் தேடிப்பாருங்கள்.

இது ஹிஃபில் அமைப்பு, அதாவது பெரும்பாலும் பிறவினைப் பொருள் தரும் எபிரெய வினை வடிவம். அப்படியானால் ‘அடிக்க வைத்தான்’ என்று பிறவினையாக எடுக்கலாமா?

கூடாது சகோதரி. இந்த வேருக்குச் சாதாரண ‘கால்’ அமைப்பு வேதாகமத்தில் இல்லவே இல்லை. ஹிஃபில்தான் இதன் இயல்பான செய்வினை. ‘அடிக்க வைத்தார்’ என்று இதை வைத்துப் பிரசங்கம் கட்டினால் அஸ்திவாரமே இல்லை. செயப்பாட்டுவினைக்குப் பெரும்பாலும் ஹொஃபல் என்ற வடிவம் வரும்: ஏசாயா 53:4-இல் ‘முக்கே’, அடிபட்டவர். நிஃபல் என்ற இன்னொரு செயப்பாட்டு வடிவம் வருவது ஒரே ஒரு இடம், உரியாவைச் சாகவிடச் சொல்லும் தாவீதின் கடிதத்தில் (2 சாமுவேல் 11:15).

வாதைகளுக்கும் இதே சொல்லா?

வினையாக வரும். யாத்திராகமம் 12:12-இல் தலைப்பிள்ளைகளை அடிப்பேன் என்பது இதுதான். ஆனால் 12:23-இல் அடிப்பதற்கு ‘நாகஃப்’ என்ற வேறு வினை வருகிறது. அது பெரும்பாலும் கடவுளின் அடி. எகிப்தின் பத்து வாதைகளை ‘மக்கோத்’ (அடிகள்) என்பது பிற்கால யூத வழக்கு. அந்தப் பெயர்ச்சொல்லும் நம் வேரிலிருந்து வந்ததுதான்.

கை ஓங்காமல் அடிக்கிற இடம் உண்டா அண்ணா?

நிறைய. யோனா 4-இல் புழு செடியை அடிக்கிறது, அப்புறம் வெயில் யோனாவின் தலையில் அடிக்கிறது. நாமும் வெயில் அடிக்கிறது என்றுதானே சொல்கிறோம்? சங்கீதம் 121:6-இலும் இதே வினைதான். தமிழில் ‘சேதப்படுத்துவதில்லை’ என்று ஆகிவிட்டது. ஆனால் 1 சாமுவேல் 24:5-இல், சவுலின் அங்கித் தொங்கலை அறுத்த பிறகு தாவீதின் மனது ‘அடித்துக்கொண்டிருந்தது’ என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. மூலத்தில் ‘தாவீதின் இருதயம் அவனை அடித்தது’. அந்த இடத்தில் தமிழ் அப்படியே பொருந்தி உட்கார்ந்திருக்கிறது.