‘டாக்டர் ஓட்டுன வண்டி சார்!’ – பழைய கார் கேள்வி-பதில்

ஈரோட்டில் ஒரு யார்டில் 4.20 லட்சத்துக்கு கார் வாங்கினேன். ‘ஆக்சிடென்டே ஆகாத வண்டி’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்கள். டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதே என்று மெக்கானிக்கிடம் காட்டினால், முன் ஏப்ரனை (பானட்டுக்குள் சக்கரத்தை ஒட்டியிருக்கும் பாடித் தகடு) வெட்டி வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்கிறார். ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இருக்கிறதாம். கேஸ் நிற்குமா? – எஸ்.கே., கோபி

நிற்கும். ‘உள்ளது உள்ளபடி’ என்பது தேய்ந்த கிளட்சுக்கும் வெளுத்த சீட்டுக்கும் சொல்வது. தெரிந்தே சொன்ன பொய்யை அது காப்பாற்றாது. ஏமாற்றிப் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இடம் தருகிறது. யார்டு வியாபாரம் செய்கிற இடம் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. கெடு 2 ஆண்டுகள்.

முக்கியமான விஷயம், அந்த வெல்டிங்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ரிப்பேர் செய்துவிட்டால் சாட்சியை நீங்களே அழித்த மாதிரி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் படங்களோடு எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை மாற்றாதீர்கள். அப்புறம் ஸ்பீட் போஸ்ட்டில் யார்டுக்கு ஒரு நோட்டீஸ்.

கூட வேலை பார்ப்பவரிடம் கார் வாங்கினேன். இரண்டே வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. நுகர்வோர் கோர்ட்டில் இழுக்கலாமா? – பெயர் வேண்டாம், ஓசூர்

முடியாது. சொந்த வண்டியை ஒரு தடவை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். சிவில் கோர்ட் உண்டு, ஆனால் பழுது தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாதிச் செலவைப் பேசி வாங்கப் பாருங்கள்.

ஏசி வேலை செய்யவில்லை. ஓட்டிப் பார்த்தது மார்கழியில் என்பதால் போட்டுப் பார்க்கவில்லை. – ஆர்.வி., திருச்சி

மார்கழி மேல் வழக்குப் போட முடியாதே! பட்டனைத் தட்டினாலே தெரிந்திருக்கும் குறைக்குச் சட்டம் துணைக்கு வராது.

மீட்டரில் 38,000 கி.மீ. என்று நம்பி வாங்கினேன். சீட்டுக்கு அடியில் பழைய சர்வீஸ் பில் கிடைத்தது. அதில் 91,000! – எம்.ஜே., நாகர்கோவில்

அந்த பில்லை உடனே ஸ்கேன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தேதி, வண்டி நம்பர், கிலோமீட்டர் மூன்றும் ஒரே தாளில் இருப்பது பெரிய விஷயம். யார்டில் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம். விற்றவர்தான் மீட்டரைத் திருப்பினார் என்று காட்ட முடிந்தால் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். பழைய 420-க்குப் பதில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள்.

இந்த மீட்டர் விஷயத்தில் எனக்குத் தனி ஆத்திரமே உண்டு. டிஜிட்டல் வந்தால் தில்லுமுல்லு போய்விடும் என்றார்கள். லேப்டாப்பைச் செருகிச் சில நிமிடத்தில் குறைக்கிறார்கள். நம் ஆட்களோ காரின் நிறம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பார்த்துவிட்டு அந்த எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், வழவழவென்று தேய்ந்திருந்தால் 38,000 ஓடின வண்டி இல்லை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நாலு டயரும் காரைவிட இளசாக இருந்தால் கேள்வி கேளுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடலாம். நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டரில் மீட்டர் முள் அசையவே இல்லை. கேபிளையே கழற்றி வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

மனைவியின் நகையை அடகு வைத்து, நானே டாக்ஸி ஓட்ட கார் வாங்கினேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாம். வயரிங் முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. கேட்டால், ‘தொழிலுக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போ’ என்கிறார் யார்டுக்காரர். – கே.பி., தாம்பரம்

அவருக்குப் பாதிச் சட்டம்தான் தெரியும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவர் கதை வேறு.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை இருந்தால் படம் எடுங்கள். ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, அதையும்தான். பழைய இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டு கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அதில் நடக்காவிட்டால் நோட்டீஸ், பிறகு ஆணையம். அடகு வட்டியையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள்.

நோட்டீஸ் போனதும் அவர் சமாதானம் பேச வரலாம். வண்டியை விட்டுட்டுப் போங்க, பணம் அடுத்த வாரம் என்பார். கணக்கில் பணம் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.